பதினோராவது கேள்வி

படிவத்தில் பதினோராவது கேள்வி தூக்கம்.
எத்தனை மணி நேரம்? நடுவில் விழிப்பு உண்டா?
மேலக்காவேரியில், ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளின் கடைசி வரிசையில்
மன்மாயா கதவைப் பாதி திறந்து
உதட்டில் விரல் வைத்தாள்.
உள்ளே தன்பகதூர் தூங்குகிறார்.
பகல் பதினொன்றரை.

கும்பகோணம் தூங்குவதற்காக விழித்திருக்கும் ஆள்.
ஊருக்கு அவர் பெயர் தெரியாது, விசில் தெரியும்.
மூன்றாம் தேதி வாசலில் வந்து நின்றால்
ஐம்பது ரூபாய்.
அல்லது "அடுத்த மாசம் வாப்பா."

சிர்ஜனா அன்று பள்ளிக்குப் போகவில்லை, நான் வருவதால்.
வங்கி, ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர், கேஸ் கம்பெனி
எல்லாவற்றுக்கும் அவள்தான் லீவு போட வேண்டும்.
ஏழாம் வகுப்பு.
ழகரம் என்னைவிட நன்றாக வருகிறது.

பசி எப்படி என்று கேட்டேன்.
மன்மாயா பேசத் தொடங்கினாள்.
அடுப்பைக் காட்டினாள், கூரையைக் காட்டினாள்,
சுவருக்கு அந்தப் பக்கம் கை நீட்டினாள், சிரித்தாள்,
கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.
முழுக்கக் கேட்டுவிட்டு மகள் சொன்னாள்:
"பரவாயில்லையாம்."

எழுதிக்கொண்டேன்.
மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைகளில்
என் தம்பி அனுப்புவதும் அந்த ஒரு சொல்தான்.

கூரை என்ன சமாச்சாரம் என்று
சிறுமியிடம் கேட்டு வாங்கினேன்.
முள்ளங்கிக் கீரையை ஜாடியில் அழுத்திப் புளிக்கவைத்து
வெயிலில் உலர்த்துவார்களாம், பனிக்காலத்துக்கு.
இங்கே பனி ஏது.
நாலாவது நாள் வீட்டுக்காரர் வந்து நின்றார்,
எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று.
அதுமுதல் அவர் சுவாமிமலைக்குப் போகும்
கிருத்திகைகளில் மட்டும் கீரை காய்கிறது.

பக்கத்து வீட்டு ஜெசிந்தா ஒருநாள்
மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒரு பிடி வாங்கிப் போய்
ரசத்தில் போட்டாளாம்.
நன்றாயிருக்கிறது என்று இதுவரை சொல்லவில்லை.
கிண்ணம் மட்டும் கிருத்திகைக்குக் கிருத்திகை வருகிறது.

ஆற்றைப் பற்றியும் சொன்னாள்.
முதல் வருடம் அம்மா காவிரியை
மைதானம் என்றே நினைத்திருந்தாளாம்.
பையன்கள் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள்.
பிறகு டிவியில் சொன்னார்கள், தண்ணீர் வருகிறது,
கல்லணை தாண்டிவிட்டது என்று.
ஆறு சொல்லிவிட்டா வரும்?
அவள் ஊர் ஆறு இரவில் வந்து
மாட்டுக்கொட்டகையை எடுத்துக்கொண்டு போய்விடும்.
போய்ப் பார்த்தாள்.
நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும் முன்னே தள்ளி
வேறு தெருவுக்குள் வந்துவிட்ட நாய்போல
பள்ளம் பள்ளமாய் மோந்து மோந்து வந்தது.
பையன்கள் அவசரமே இல்லாமல் ஸ்டம்பைப் பிடுங்கினார்கள்.
"வருது, வருது" என்றாளாம் அம்மா.
அவள் பேசிய முதல் தமிழ்.

கடைசிக் கேள்வி. மனசு எப்படி இருக்கிறது?
சிர்ஜனா வாய் திறந்து, நிறுத்தினாள்.
"சிஸ்டர், இதை மாத்தவே வேணாம்.
எங்க பாஷையிலயும் மன்தான்."
மன்மாயாவுக்கு அதற்குள் புரிந்திருந்தது.
மகளிடம் ஏதோ சொன்னாள்.
அவள் முறைத்துவிட்டுக் குடத்தோடு
தெருக்குழாய்க்குப் போனாள்.

அப்புறம் இருபது நிமிடம்
ஒருத்தி மொழி ஒருத்திக்குத் தெரியாமல்
நாங்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம்,
உள்ளே அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் நிறுத்தி.
நானும் கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டேன்.

அன்றிரவு இரண்டேகாலுக்கு எங்கள் தெருவில் விசில்.
மின்கம்பத்தில் தடி ஒரு தட்டு.
விழித்திருந்தேன்.

திங்கட்கிழமை படிவம் திரும்பி வந்தது,
சிவப்பு மையில்: பதினொன்று காலி.
எழுதினேன்:
தூங்குகிறார், பகலில்.
எழுப்பவில்லை.